பக்கத்து அறையில் ஒருத்தி

ஒருவர் வானொலியை எந்த நொடியில் அணைக்கிறார் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கும்போது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆறு மாத நிகழ்ச்சிப் பதிவுகளை, அணைத்த நேரங்களோடு ஒப்பிட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, அது இல்லை என்று சொன்னாள். அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்துகிறாரே, அந்த இடத்தில்தான் அணைக்கிறார்கள். அந்த அரை நொடியில் கேட்பவரின் காதில் அவருடைய சொந்த வீடு வந்து விழுகிறது. மின்விசிறியின் கிறீச்சல், ஃப்ரிட்ஜின் முனகல், அதற்குமேல் ஒன்றும் இல்லை. வீடு காலி என்று தெரிந்தபிறகு அதற்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை.

அலைமுகம் வானொலியில் பதினான்கு வருஷமாக ஒலி வடிவமைப்பு அவள் பொறுப்பு. செய்திக்கு முன்னால் வரும் மேளம், நேரம் சொல்லும்போது சிந்தும் மணி, இரண்டு பாட்டுக்கு நடுவே காதைக் கிள்ளிவிட்டுப் போகும் சின்னச் சின்ன ஓசைகள் எல்லாம் அவள் கைவேலை. இப்போது வானொலிப் பெட்டி என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு ஸ்பீக்கர், சொன்னால் பாடும், சொன்னால் நிற்கும். கேட்கிறவர்கள்தான் நிற்பதில்லை.

"சத்தத்தக் கூட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார் நிலையத் தலைவர் சாரநாதன்.

"சத்தம் பத்தாம அவங்க போகல சார். ஆள் பத்தாமப் போறாங்க."

"புரியல ஜெசிந்தா."

"நம்ம நிகழ்ச்சிக்கு அடியில, ரொம்ப மெல்லிசா ஒரு வீட்டுச் சத்தம் ஓடட்டும். பக்கத்து ரூம்ல யாரோ பாத்திரம் எடுத்து வைக்கிறாங்க. குழாய மூடுறாங்க. செருப்புப் போட்டுட்டு நடக்கிறாங்க. பேச்சே கிடையாது. காது குடுத்துக் கேட்டா கேக்காது. கேக்காம இருந்தாத்தான் கேக்கும்."

"ரேடியோவுல வந்தா ரேடியோச் சத்தம்னு தெரிஞ்சுடாதா?"

"ஸ்பீக்கர்ல காதும் இருக்கே சார். அந்த அறை எவ்வளவு அகலம், சுவர் எங்க, கதவு எங்கன்னு அதுக்குத் தெரியும். எதிரொலிய அதுக்கு ஏத்தாப்ல வளைச்சுக் குடுத்துட்டா அவங்க அடுப்படியில இருந்தே வர்ற மாதிரி இருக்கும். தனி ஆளா இருக்கவங்க வீட்டுக்கு மட்டும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா."

சாரநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது ஏமாத்துறதா ஆகாதா?"

"நாடகத்துல மழைக்கு முறத்துல அரிசியப் புடைச்சுத்தான சார் சத்தம் எடுக்கோம்?"

அன்றைக்கு அவளுக்கு அது சரியான பதிலாகவே பட்டது.

முதலில் நாடக நடிகைகள் இருவரை வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒலிக்கூடத்தில் அவர்கள் கரண்டியை வைத்தால் கரண்டியை வைப்பதாக நடிப்பது கேட்டது. கடைசியில் ஜெசிந்தா தன் வீட்டிலேயே மைக்குகளை மாட்டினாள். கொளத்தூரில் மூன்றாவது மாடி, இரண்டு அறை, அவள் ஒருத்தி. கணவன் செல்வின் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய், பிறகு அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்ட பின், ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஓசை என்று ஒன்று இருந்ததில்லை. காலையில் ரொட்டி, ராத்திரி கடைச் சாப்பாடு. பதிவுக்காக அவள் அரிசி வாங்கினாள், குழம்பு வைத்தாள், தாளித்தாள். ஒரு ஆளுக்குச் சமைத்தால் அந்த ஓசையில் ஏதோ குறைந்தது. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, அது காதுக்கு உடனே தெரிந்துபோனது. ஆகவே இரண்டு பேருக்குச் சமைத்தாள். இருபது நாள் தரை துடைத்து, துணி உதறி, இருமி, ஜன்னலைத் திறந்து மூடி, யாருக்காகவோ ஒரு வீட்டை நடத்தினாள். இருபத்தோராம் நாள் மைக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி ரொட்டிக்குத் திரும்பினாள்.

'பக்கத்து அறை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நிலையத்துக்கு வெளியே அந்தப் பெயர் போகவில்லை.

தனியாக இருப்பவர்கள் அதுவரை நாளுக்கு நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் அது ஒன்பது மணி நேரமானது. இரண்டு லட்சத்துச் சொச்சம் வீடுகளில் ஸ்பீக்கர் அணைவதே இல்லை. வந்த கடிதங்களில் ஒருவர்கூட அந்த ஓசையைப் பற்றி எழுதவில்லை. உங்கள் அறிவிப்பாளர் குரல் இப்போது மிகவும் கனிவாக இருக்கிறது என்று எழுதினார்கள். பாட்டுத் தேர்வு பிரமாதம் என்றார்கள். பாட்டு அதே பாட்டுதான்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், நேயர் பிரிவிலிருந்து அவளுக்கு ஒரு அழைப்பைத் திருப்பிவிட்டார்கள். "ஏதோ சத்தத்தப் பத்திப் பேசுறாங்க மேடம், எங்களுக்குப் புரியல."

அரக்கோணத்திலிருந்து செங்கமலம் என்று ஒரு பெண் பேசினாள். அவளுடைய அண்ணன் தணிகைவேல், ஐம்பத்தெட்டு வயசு, பஸ் கண்டக்டராக இருந்து முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். போன மாதம் காலை எட்டு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஆள் பார்த்தது.

"கத்தியிருந்தா மேல் வூட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்கும்மா. ஜன்னல் மாடிப்படி பக்கமா தொறந்துதான் இருந்துச்சு. அவரு கத்தவே இல்ல. சாதாரணமா, வூட்ல இருக்கற ஆளக் கூப்புடறாப்புல, 'கொஞ்சம் இப்படி வாயேன்'னு கூப்ட்டுக்கினே கெடந்திருக்காரு. கேட்டா, 'யாரோ இருந்தாங்க, வருவாங்கன்னு நெனச்சேன்'றாரு."

ஜெசிந்தா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அது மட்டும் இல்ல. மேல் வூட்டு அம்மா பத்து மணிக்கு வந்து கதவத் தட்டியிருக்கு. உள்ள நடமாட்டம் கேட்டுச்சாம், பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டுச்சாம். சரி, வேலையா இருக்காங்கன்னு திரும்பிப் போயிடுச்சு. தட்டுனது இவருக்கும் கேட்டுச்சாம், உள்ள இருக்கறவங்க தொறப்பாங்கன்னு இருந்துட்டாராம். வூட்ல யாருமே இல்லியேம்மா! நான் ஒண்ணும் பிராது குடுக்கல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் மொதல்ல உங்க ரேடியோவத்தான் போடச் சொன்னாரு. எங்கூட வந்து இருண்ணான்னா வரமாட்டேன்றாரு. வூட்ட வுட்டுட்டு எப்டி வர்றதுன்றாரு. உங்க ரேடியோவுல இன்னாதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் போன் பண்ணேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்று ஜெசிந்தா வைத்துவிட்டாள். நேரே சாரநாதன் அறைக்குப் போனாள்.

சாரநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எங்கம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க, தெரியுமோல்லியோ உங்களுக்கு? தினம் மூணு தடவை போன் வரும். எப்படா வரேன்னு அழுவாங்க. நான் மீட்டிங்ல இருப்பேன். இப்ப ஒரு வருஷமா அழறதில்ல. போனே பண்றதில்ல. நான் பண்ணினா, 'வேலை கிடக்குடா, அப்புறம் பேசறேன்'னு வெச்சுடறாங்க. என்ன வேலைன்னு நான் கேட்டதில்ல."

"சார், அது நம்ம சத்தம்."

"தெரியும். நல்லாத் தெரியும். அத நிறுத்தச் சொல்றேள். நிறுத்தினா அந்த இடத்துல யார் போய் உட்காருவா? நீங்க உட்காருவேளா? நான் உட்காருவேனா?" அவர் குரல் உயரவில்லை. "ஒருத்தர் விழுந்தார், பாவம். மிச்சம் ரெண்டு லட்சம் பேர் நிம்மதியா இருக்கா."

அவள் எழுந்து வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போகாமல் வில்லிவாக்கத்தில் அரக்கோணம் ரயிலைப் பிடித்தாள். ரயிலடியிலிருந்து அதிக தூரமில்லை. கீழ்த்தளத்து வீடு, வாசலில் துளசிக்குப் பதில் கற்றாழை. செங்கமலம் கதவைத் திறந்து உட்காரச் சொல்லிவிட்டு, மருந்து வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரேடியோ கம்பெனியிலிருந்து பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதிலேயே அவளுக்கு ஒரு பெருமை.

கட்டிலில் தணிகைவேல் தலையணையில் சாய்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், முகம் அன்றைக்குத்தான் மழித்தது. சுவரில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது.

"ஒக்காரும்மா. எழுந்து வரமுடியல, தப்பா நெனச்சுக்காத. ஒரு டீ போட்டுக் குடுக்கக்கூட ஆள் இல்ல. நீயே போட்டுக்கறியா? எனக்கும் ஒரு வாய் குடு."

அவள் அடுப்படிக்குப் போனாள். புது இடம், எது எங்கே என்று தெரியவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து மூடினாள். பால் பொங்கும்வரை நின்றாள். தூசிக்கு இருமினாள். கரண்டியால் கலக்கிவிட்டுப் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். கூடத்தில் அதுவரை பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்த மனிதர் நிறுத்திவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

இரண்டு டம்ளரோடு அவள் வெளியே வந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது காலக் கொஞ்சம் இழுத்து நடப்பியா?"

"ஆமா. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தது."

"ரெண்டு தட்டு தட்டுவ. மூணாவது தட்ட மாட்ட. இருமறப்ப மொதல்ல தொண்டையக் கனைச்சுட்டு அப்பறமா இருமுவ." டம்ளரை வாங்க அவர் கை நீட்டவில்லை. "ஏழு மணி நேரம் ஈரத் தரையில கெடந்தேன்மா. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. அத மட்டுந்தான் கேட்டுக்கினு கெடந்தேன். நீதானா அது?"

பொய் சொல்ல நினைத்துத்தான் அவள் ரயிலேறி வந்திருந்தாள். இயந்திரக் கோளாறு, சரிசெய்கிறோம் என்று சொல்வதாக ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கும் அரை நொடியில் தொடங்கி, எதிரொலியை வளைப்பது, இருபது நாள் மைக்கு, இரண்டு லட்சம் வீடு, சாரநாதனின் அம்மா வரை. டீ ஆடை கட்டிப்போனது.

"அப்ப நான் கூப்ட்டுக்கினு இருந்தது ஒன்னத்தான்" என்றார் கடைசியில்.

"எனக்குக் கேக்காது அண்ணாச்சி." பதற்றத்தில் பிறந்த ஊரான தூத்துக்குடியின் பேச்சு வாய்க்கு வந்துவிட்டது. "அது ஒரு பக்கம்தான். நான் நடக்கது உங்களுக்குக் கேக்கும். நீங்க கூப்பிடுதது எனக்குக் கேக்காது."

"தெரியுது. இப்பத் தெரியுது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"அந்த இருவது நாளும் ரெண்டு ஆளுக்குச் சமைச்சியா? சத்தம் அப்டித்தான் இருக்கும். ரெண்டு தட்டு எடுப்ப."

"ஆமா."

"யாரு துன்னாங்க?"

"யாருமில்ல. கொட்டிட்டேன்."

அவர் தலையசைத்தபடி அவளைப் பார்த்தார். விழுந்தவரைப் பார்க்க அவள் வந்திருக்கிறாளா, இல்லை அவர்தான் அவளைப் பார்க்கிறாரா என்று சொல்ல முடியாதபடி இருந்தது அந்தப் பார்வை.

"நிறுத்தப் போறியா?"

"நிறுத்தணும். உங்களுக்கு இப்படி ஆனதுக்கு அப்புறம் எப்படி விடுறது?"

"நிறுத்து. ஆனா பட்டுனு நிறுத்தாத. என் சம்சாரம் அப்டித்தான் போச்சு. காலைல காப்பி குடுத்துட்டு உள்ள போனா, ஒரு சத்தம் இல்ல, போய்ப் பாத்தா முடிஞ்சுபோச்சு. அத இன்னொரு வாட்டி என்னால முடியாதும்மா. போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. மனுஷங்க சொல்லிட்டுத்தான போவாங்க?"

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு அது பிடிபட்டது. வெறும் மௌனம் விழுந்தால் அத்தனை வீட்டிலும் ஒரு சாவு விழுந்த மாதிரி. ஒரு ஆள் கிளம்பிப் போனால் அப்படி இல்லை. போனபிறகு வீட்டில் யாரும் இல்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தால் கத்துவார். தெரிந்தால் கதவைத் திறப்பார்.

அன்று மாலையே வீட்டில் மைக்குகளை மறுபடி மாட்டினாள். பேச்சே இல்லாத ஓசைக்கு முதல்முறையாகப் பேச்சு வேண்டியிருந்தது. "போயிட்டு வர்றேன்" என்று பதிவு செய்தாள். கேட்டுப் பார்த்தாள். வர்றேன் என்று சொல்லிவிட்டால் காத்துக்கொண்டிருப்பார்கள். "போறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தையை ஒரு வீட்டு வாசலில் நின்று அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. வாய் கூசியது. செல்வினும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். பன்னிரண்டு முறை மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் ஒன்றை வைத்துக்கொண்டாள்.

'பக்கத்து அறை'யை இயக்கும் கடவுச்சொற்கள் அவளிடமும் சாரநாதனிடமும் மட்டும்தான் இருந்தன. மறுநாள் திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு ஒலிப்பதிவை, எல்லோர் காதிலும் விழும்படி சத்தத்தைக் கூட்டி, ஏற்றினாள். மாலை ஐந்து மணி என்று நேரம் குறித்தாள். அதன்பின் 'பக்கத்து அறை'யின் மூலப் பதிவுகள் தாமாக அழிந்துவிடும்படி செய்தாள். மேசையைத் துடைத்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போய்க் கணினியில் கேட்பவர் எண்ணிக்கை சரிவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மெட்ரோ பாதியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அவள் தன் கட்டடத்துப் படியில் கால் வைத்தபோது மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம். லிஃப்ட் பழுது. ஏறத் தொடங்கினாள்.

முதல் மாடித் திருப்பத்தில் கேட்டது. ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் செருப்பு தேயும் ஓசை, இடது கால் சற்று இழுபட. ஈரக் கையைத் துண்டில் துடைக்கிற ஓசை. பிறகு அவளுடைய குரல், அவசரம் இல்லாமல், வாசல்பக்கம் திரும்பிக்கொண்டு:

"அப்போ நான் கிளம்புறேங்க. இனிமே இங்க யாரும் இருக்க மாட்டாங்க. கதவச் சாத்திக்கோங்க."

தாழ்ப்பாள் விலகியது. ஒரு கதவு திறந்து மூடியது. காலடிகள் இறங்கித் தேய்ந்து போயின.

எதிர்க் கதவுக்குப் பின்னாலும் அதேதான், கால் நொடி தள்ளி. மேலே, அதற்கும் மேலே, ஜன்னல்களின் வழியாக, அதே குரல் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கட்டடத்தில் தனியாக இருப்பவர்கள் இத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் என்று பார்த்திருக்கிறாள். அதில் எத்தனை தன் படிக்கட்டில் என்று அவள் பார்த்ததில்லை.

கைப்பையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. சாரநாதன்தான். மறுநாள் காலை அவர் மறுபடி அழைத்து, அவளை வேலையிலிருந்து நீக்கியாயிற்று என்றும் வழக்கு வரலாம் என்றும் முறையாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. "அம்மா நேத்து சாயந்திரம் போன் பண்ணி, ஆத்துல யாருமே இல்லடான்னாங்க. ராத்திரியே கார எடுத்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வந்து, வைத்துவிட்டார். அரக்கோணத்தில் தணிகைவேல் அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார் என்பதும் பிறகு தெரிய வந்தது. எல்லோருக்கும் அப்படி நல்லபடி முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நிலையத்துக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. பலர் ஒன்றும் பேசவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்கள்.

அதெல்லாம் பிறகு. இப்போது படிக்கட்டில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. சாத்தத்தான் வந்திருப்பார்கள். கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கக் கண்டு, போனவள் எந்தப் பக்கம் போனாள் என்று பார்க்கத் திறந்திருப்பார்கள். முதல் மாடியில் பனியன் போட்ட ஒருவர். எதிரே கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண், காதில் பென்சில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த பின்பு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அவள் வீட்டுக்கு நேரெதிர் வீடும் திறந்திருந்தது. ஆறு வருஷத்தில் அந்தக் கதவு திறந்து அவள் பார்த்ததில்லை. அறுபது வயசு இருக்கும், ஒரு பெண்மணி வாசலில் நின்றாள். தலையில் பாதிக்கு மைச்சாயம் பூசி, மறுபாதி வெள்ளையாக, கையில் பிரஷ். தோளில் பழைய துண்டு. சாயம் காதோரம் வழிவது தெரியாமல் படிக்கட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இப்ப யாராவது எறங்கிப் போனாங்களா? ஒரு பொம்பள? வழியில பாத்தியா?"

ஜெசிந்தா இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள்.

"இப்பத்தாம்மா போனா. சொல்லிட்டுத்தான் போனா. வீட்ல யாரும் இல்ல, எனக்கும் தெரியும். இருந்தாலும்..." அந்தப் பெண்மணி பிரஷைப் பார்த்தாள். "பின் பக்கம் எனக்கு எட்டாது. எப்பவும் எட்டாது. யாராவது இருக்கற மாதிரி இருந்தா எட்டலன்னாலும் பரவால்லன்னு தோணும்."

ஜெசிந்தா பூட்டிலிருந்து சாவியை உருவினாள். திறக்காத தன் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"பிரஷ இங்க தாங்க" என்றாள்.

அந்தப் பெண்மணியின் முகத்தில் எல்லா அசைவும் நின்றது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த படிக்கட்டை விட்டுவிட்டு, முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பிரஷைக் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.